வெள்ளம் வந்தா சமைச்சுக் குடுக்கலாமா, அரிசி மூட்டையே போதுமா?

மலேசியாவுல பட்டர்வொர்த்ல இருந்து கேட்டிருக்கீங்க. ஹோசே ஆன்ட்ரேஸ்னு ஒரு செஃப் பூகம்பம், புயல், போர்னு எங்க நடந்தாலும் போய் அடுப்பு போட்டுடுறாரு, எங்க கோவில் இளைஞர் குழுவுலயும் நாலஞ்சு பேருக்கு கேட்டரிங் பழக்கம் இருக்கு, அடுத்த தடவ வெள்ளம் வந்தா நாங்களும் எறங்கலாமா, எவ்வளவு காசு சேத்து வைக்கணும், இல்ல பேசாம அரிசி பருப்பு மைலோன்னு மூட்டை கட்டிக் குடுத்துட்டு வந்துடலாமான்னு. சுத்தி வளைக்காம சொன்னா உங்க சந்தேகம் இதான்: சமைக்கத் தெரிஞ்சவன் அந்த நேரத்துல போய் நின்னா ஒத்தாசையா இருப்பானா, எடஞ்சலா இருப்பானா. ரெண்டுமே நடக்கும், நான் ரெண்டையும் பாத்திருக்கேன். எது எப்ப ஆகும்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நான் கோலாலம்பூர்ல ஹோட்டல் கிச்சன்ல வேலை கத்துக்கிட்டு அப்புறம் செந்தூல் பக்கம் சொந்தமா கேட்டரிங் பண்றவன். கல்யாணம், கருமாதி, தைப்பூச அன்னதானம், 2021 டிசம்பர் வெள்ளத்துல சிலாங்கூர்ல ஸ்ரீ மூடாவுக்கும் உலு லங்காட்டுக்கும் சமைச்சு அனுப்பினது, இதெல்லாம் கைப்பட செஞ்சது, அதனால அழுத்திச் சொல்லுவேன். ஹைத்தி, உக்ரைன், காஸா பத்தி சொல்றதெல்லாம் தொழில்காரனா உன்னிப்பா கவனிச்சது மட்டும்தான், குண்டு விழுற ஊர்ல நான் ஒரு உருளைக்கெழங்கு கூட உரிச்சதில்ல. டாக்டரும் இல்ல, அதையும் மனசுல வச்சுக்குங்க.

மொதல்ல அந்த மனுசன் என்ன செய்றாருன்னு சரியா பாத்துடணும், ஏன்னா பெரிய செஃப் ஒருத்தர் பெரிய சட்டியோட பிளேன்ல வந்து எறங்கி ஊருக்கே சோறு போட்டாருன்னுதான் பாதி பேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. ஸ்பெயின்ல பொறந்து வாஷிங்டன்ல ரெஸ்டாரண்ட் நடத்துறவரு. 2010 ஜனவரியில ஹைத்தி பூகம்பம் நடந்தப்ப அங்க போயிருக்காரு, அந்த வருஷமே வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்ங்குற நிவாரண நிறுவனத்த ஆரம்பிச்சாரு. அங்க முகாம்ல அவரு பீன்ஸ் சமைச்சு வச்சத பாத்து அந்த ஊரு பொம்பளைங்க நாங்க இப்படி முழுசா சாப்பிட மாட்டோம், மசிச்சு வழவழன்னு கொழம்பா ஆக்கித்தான் சாப்பிடுவோம்னு சொல்லி அவர மாத்த வச்சிருக்காங்க. இத அவரே பல தடவ வெளிய சொல்லியிருக்காரு. எனக்கு அவர் மேல மரியாதை வந்தது இந்த எடத்துலதான், நம்ம ஊர்ல நட்சத்திர ஹோட்டல் செஃப் கிட்ட போய் ஒரு ஆயா பருப்ப கடைஞ்சு ஊத்துப்பான்னு சொன்னா கேப்பானா?

ஆனா உங்களுக்குப் பாடம் இருக்குறது அமெரிக்காவுக்குச் சொந்தமான போர்ட்டோ ரிக்கோ தீவுல. 2017 செப்டம்பர் 20ல மரியா புயல் அடிச்சு தீவு முழுக்க கரண்ட் போயிடுச்சு. இவரு போய் புதுசா கூடாரம் அடிக்கல. தலைநகரம் சான் யுவான்ல ஏற்கனவே ரெஸ்டாரண்ட் வச்சிருந்த கூட்டாளியோட அடுப்புல சன்கோச்சோன்னு அவங்க ஊர் கறியும் கெழங்கும் போட்ட சூப்ப வச்சு ஆரம்பிச்சாரு. அப்புறம் அந்த ஊர் செஃப்ங்க, ஃபுட் டிரக்காரங்க ஒவ்வொருத்தரா சேந்து, பெரிய ஸ்டேடியத்தோட கிச்சனுக்கு மாறி, கடைசியில 3 மில்லியன் சாப்பாட்டுக்கு மேல போச்சு. அதே சமயம் அமெரிக்க அரசாங்க பேரிடர் இலாகா என்ன பண்ணுச்சுன்னா, அட்லாண்டாவுல ஒரே ஒரு ஆள் நடத்துற கம்பெனிக்கு 156 மில்லியன் டாலருக்கு கான்ட்ராக்ட் குடுத்து 30 மில்லியன் சாப்பாடு கேட்டுச்சு. வந்து சேந்தது 50,000. தானா சூடாகுற சாப்பாடுன்னு கேட்டிருக்காங்க, வந்ததுல சாப்பாடு தனி பொட்டலம், சூடு பண்ற சரக்கு தனி பொட்டலம். அக்டோபர்லயே கான்ட்ராக்ட்ட வெட்டிட்டாங்க. ரெண்டுத்துக்கும் நடுவுல வித்தியாசம் கைமணமோ பெரிய மனசோ கெடையாது, ஒருத்தருக்கு அந்தத் தீவுலயே எரிஞ்சுக்கிட்டு இருந்த அடுப்பும் அந்தத் தெரு தெரிஞ்ச ஆளும் இருந்தாங்க, இன்னொருத்தருக்கு பேப்பர் மட்டும் இருந்துச்சு.

அதனால என் பதில இங்கயே சொல்லிடுறேன், மிச்சமெல்லாம் அதுக்கு வெளக்கம்தான். புதுசா கிச்சன் ஆரம்பிக்காதீங்க. வெள்ளம் ஏறாத எடத்துல எந்தெந்த அடுப்பு தெனமும் எரியுதுன்னு இப்பவே எண்ணி வைங்க, அந்த அடுப்புக்கும் தண்ணியில நிக்குற வீட்டுக்கும் நடுவுல ஆளா இருங்க.

அடுப்புக்கு நம்ம கிட்ட பஞ்சமே இல்ல. ஊருக்குச் சோறு போடுறத நாம ஸ்பெயின்காரர் கிட்ட போய் கத்துக்கணும்னு இல்ல, வடலூர்ல 1867ல வள்ளலார் தர்மசாலையில மூட்டுன அடுப்பு இன்னும் எரியுது. பத்துமலையில, பினாங்கு தண்ணீர்மலையில தைப்பூசத்துக்கு பந்தல் போட்டவங்களுக்கு ஆயிரம் பேருக்கு சோறு வடிக்கிறது கைப்பழக்கம். இன்னொன்னு யாரும் யோசிக்காதது, நம்ம நாட்டுல பெரிய மழை வர்றது பெரும்பாலும் கார்த்திகை மார்கழியில. அது ஐயப்ப சீசன். மார்கழியில கல்யாணம் இல்லாததால கேட்டரிங்காரன் அண்டாவெல்லாம் சும்மா கவுத்துக் கெடக்கும், ஆனா கோவில் மடப்பள்ளியில காலையில பொங்கல், சாயந்திரம் பூஜை அன்னதானம்னு ஆளுங்க தெனமும் இருப்பாங்க. 2021ல டிசம்பர் 17, 18ல மழை கொட்டுனப்ப மார்கழி பொறந்து ரெண்டு மூணு நாள்தான் ஆச்சு. எங்க அண்டா காலியா இருந்ததும், பக்கத்து கோவில்ல அரிசி மூட்டை அடுக்கி இருந்ததும் அதனாலதான். கிள்ளான் பள்ளத்தாக்குல இருக்குற குருத்வாராக்காரங்க அவ்வளவு சீக்கிரம் எறங்க முடிஞ்சதுக்கும் இதே காரணம், லங்கர்னு எல்லாருக்கும் இலவசமா சோறு போடுற அடுப்ப அவங்க அணைக்கிறதே இல்ல, 200 பேருக்கு சமைக்கிறத 2,000 பேருக்கு ஏத்துனா போதும்.

ஆனா அன்னதானப் பழக்கத்த நம்பி மட்டும் எறங்குனா ஒரு எடத்துல வழுக்கும். அன்னதானத்துல பசிச்சவன் நம்ம கிட்ட நடந்து வர்றான். வெள்ளத்துல நாம அவன் கிட்ட போகணும், எங்க இருக்கான்னு தெரியணும், போறதுக்குள்ள சோறு கெட்டுப் போகாம இருக்கணும். ஸ்ரீ மூடாவுல அந்த மொத ரெண்டு நாள் நடந்தது இதான்: ரோட்டு ஓரம் வரைக்கும் வண்டி போற முகாம்களுக்கு மத்தியானம் ஒரே நேரத்துல மூணு நாலு வேன் பிரியாணி வந்து நிக்கும், ராத்திரிக்கு ஒன்னும் வராது. உள்ள தாமான்ல, அதாவது குடியிருப்புல, மாடியில ஏறி நிக்குறவங்களுக்கு ஒரு நாள் முழுக்க தண்ணி பாட்டில் கூட போகல. படகு வச்சிருந்த மீன்பிடி ஆளுங்களும், ஜெட் ஸ்கி வச்சிருந்த தனியார் ஆளுங்களும் வந்ததுக்கு அப்புறம்தான் போச்சு. அப்ப எங்க கிட்ட ஆளுங்க கேட்டதெல்லாம் இன்னும் எத்தனை அண்டா வைக்கலாம்னுதான், தேவைப்பட்டது அண்டா இல்லயே, ஒரு படகும் அந்தச் சந்தோட லோரோங் நம்பர் தெரிஞ்ச ஒரு ஆளும்தானே. அதே வருஷம் நடுவுல கோவிட் முடக்கத்தப்போ வீட்டு வாசல்ல வெள்ளக் கொடி கட்டுனாங்க ஞாபகம் இருக்கா, பெண்டேரா பூத்தேன்னு. எனக்குத் தெரிஞ்சு இந்த நாட்டுல உணவு உதவியில நடந்த ரொம்ப புத்திசாலித்தனமான காரியம் அது. பசிச்சவங்களே எங்க இருக்கோம்னு காட்டிட்டாங்க, எந்த கமிட்டியும் சர்வே எடுக்கத் தேவைப்படல.

உங்க பக்கத்துக்கு வருவோம். 2017 நவம்பர் 4 சனிக்கிழமை ராத்திரி பினாங்குல விடியறதுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு, அந்த வெள்ளத்துல 7 பேர் செத்துட்டாங்க. அந்த மாதிரி ராத்திரியில உங்க குழு வாட்ஸ்அப்ல யாரு முழிச்சிருப்பா, லோரி யார்கிட்ட இருக்கு, மசாலா சாமான் மொத்தக் கடைக்காரர் அண்ணன் போன் எடுப்பாரா, இதெல்லாம் முன்னாடியே பேசி வச்சிருக்கணும். அரசாங்க முகாம்ல சாப்பாட்டுப் பொறுப்பு ஜேகேஎம் கையில, அதாவது சமூக நல இலாகா. பேர் பதிவு பண்றது, எத்தனை தலைன்னு கணக்கு வச்சிருக்குறது எல்லாம் அவங்கதான். நெறைய பேர் அவங்கள தாண்டிக்கிட்டு நேரா டேவானுக்குள்ள, அதாவது முகாம் நடக்குற மண்டபத்துக்குள்ள, பொட்டலத்தோட போயிடுவாங்க, போட்டோ எடுக்குறதுக்கு நல்லா இருக்கும். நீங்க அப்படி பண்ணாதீங்க. மழை இல்லாத மாசத்துல மாவட்ட ஆபீஸ்க்கு ஒரு தடவ போய் எங்க குழு இது, எங்களால ஒரு வேளைக்கு இத்தன பேருக்கு முடியும், முகாம்ல நீங்க குடுக்குறீங்க, முகாமுக்கு வராதவங்கள நாங்க பாத்துக்கறோம்னு சொல்லி வைங்க. முகாமுக்கு வராதவங்கன்னா யாரு? நாயும் கோழியும் விட்டு வர மாட்டேன்னு ஒக்காந்திருக்குற பாட்டி, பெர்மிட் பிரச்சனைக்கு பயந்து பதிவு பண்ணாத வெளிநாட்டுத் தொழிலாளி, மாடியில இருந்து எறங்க முடியாத பக்கவாத நோயாளி. சின்ன குழுவால நல்லா பண்ண முடியுற வேலை இதுதான், பெரிய இலாகாவால முடியாததும் இதுதான்.

என்ன சமைக்கிறதுன்னு வந்தா, மொத ஆறு மணி நேரத்துக்கு சமைக்கவே சமைக்காதீங்க. ரொட்டி, பிஸ்கட், வாழப்பழம், குடிதண்ணி, இது போதும், வேகமாவும் போகும். அதுக்கப்புறம் மொத நாள் சாப்பாடு இருட்டுல ஒரு கையால சாப்பிடக் கூடியதா இருக்கணும், கை கழுவ தண்ணி இருக்காது, அதனால ஒவ்வொரு பொட்டலத்துலயும் கரண்டி கட்டாயம். புளி சாதம், எலுமிச்ச சாதம், அவிச்ச முட்டை, கெட்டியா வதக்குன உருளைக்கெழங்கு, மீஹூன் கோரெங்னு வறுத்த அரிசி சேமியா, இப்படி ஒழுகாதது. சாம்பார், ரசம், தேங்கா சட்னி எல்லாம் வீட்டோட வச்சுக்குங்க. நாசி லெமாக் குடுத்தா எல்லா இனத்துக்கும் புடிக்குமேன்னு தோணும், ஆனா சந்தான், அதாவது தேங்காப்பால், சேத்த சோறு நம்ம வெயிலுக்கு சீக்கிரம் புளிச்சுடும், அதுவும் சூடா மூடி வச்சா கேக்கவே வேணாம். ரெண்டாவது நாள்ல இருந்து ஜனங்க கேக்குறது கஞ்சியும் சூடான தண்ணியும்தான். கொழந்தைங்களுக்கு காரம் இல்லாத கஞ்சி தனியா ஒரு பானை வைங்க, யாரும் வைக்க மாட்டாங்க. பால் பவுடர், பால் பாட்டில் மட்டும் வாரி வாரி குடுக்காதீங்க, சுத்தமான தண்ணி இல்லாத எடத்துல அத கலக்குனா கொழந்தைக்கு வயித்தால போகும், அம்மா தாய்ப்பால் குடுக்குறதயும் அது நிறுத்திடும். ஏற்கனவே பவுடர்ல வளர்ற கொழந்தைன்னா அந்த அம்மாகிட்ட கேட்டு, கொதிக்க வச்ச தண்ணியோட சேத்து குடுங்க.

இங்க இன்னொன்னு சேத்துக்கணும். 2019 தேசிய சுகாதார ஆய்வுல வயசுக்கு வந்தவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அதுல நம்ம இந்தியர்கள்தான் மத்தவங்கள விட அதிகம். இது நமக்கே தெரியும், எந்த வீட்டுல மாத்திரை டப்பா இல்ல? அப்படி இருக்க மூணு நாளைக்கு மேகி, வெள்ள ரொட்டி, சர்க்கரை கலந்து வர்ற 3-இன்-1 மைலோன்னு அள்ளிக் குடுத்தா முகாம்ல தலை சுத்தி விழுறது யாரு? முட்டையும் பருப்பும் காயும் பொட்டலத்துல இருக்கணும்னு நான் சொல்றது ருசிக்காக இல்ல. ஆனா மாத்திரை தண்ணியோட போயிடுச்சுன்னா நீங்க என்ன சமைச்சாலும் சரி பண்ண முடியாது, அந்த ஆள் பேர எழுதிட்டு வந்து கிளினிக்குக்குச் சொல்லுங்க, அதுக்கு மேல நம்ம வேலை இல்ல.

ஹலால் விஷயத்த கூச்சப்படாம பேசிடணும். நம்ம கோவில் கிச்சன் சுத்த சைவம்தான், அத சந்தோசமா வாங்குற மலாய்க்கார குடும்பங்க நெறைய பாத்திருக்கேன், தயங்குறவங்களையும் பாத்திருக்கேன், பசியில இருக்குறவங்க கிட்ட போய் அத விவாதம் பண்ணக் கூடாது. அதே மாதிரி ஒரு முகாம்ல மாட்டுக்கறி ரெண்டாங் வந்தப்ப நம்ம பாட்டிங்க வெறும் சோத்த உப்பு தொட்டு சாப்பிட்டதயும் பாத்தேன், யாரும் வேணும்னு பண்ணல, கேக்காம சமைச்சுட்டாங்க. வழி சுலபம், ஒரு மாமாக் கடையோ (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), சூராவ்னு சொல்ற சின்ன தொழுகை எடத்து கமிட்டியோ உங்களோட ஒரு அடுப்ப பகிர்ந்துக்கிட்டா முடிஞ்சது. பொட்டலத்து மேல எந்த கிச்சன், சைவமா கோழியான்னு எழுதுங்க.

இப்ப நான் ரொம்ப பயப்படுற விஷயத்துக்கு வர்றேன், இதுல சந்தேகத்துக்கு எடமே இல்ல, தொழில் படிச்ச யார கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கெடக்குற சாப்பாட்டுல கிருமி வளரும். சமைச்சு எறக்குனதுல இருந்து வாயில போற வரைக்கும் 4 மணி நேரம், அதுக்கு மேல போனா குப்பையில போடணும். சோத்துல பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி இருக்கு, அரிசி வெந்தாலும் அதோட விதை சாகாது, சோறு வெதுவெதுன்னு கெடந்தா முளைச்சு நஞ்சு விடும், வாந்தி எடுக்க வைக்கிற அந்த நஞ்சு திரும்ப சூடு பண்ணாலும் போகாது. அதனால மறுபடி சூடு பண்ணி அனுப்புறேன்னு சொல்ற ஆள கிச்சன விட்டு வெளிய அனுப்புங்க. புளி சாதம் கொஞ்சம் தாங்கும்னு நம்ம பாட்டிமாருங்க கண்டுபிடிச்சது உண்மைதான், புளிப்பு கிருமிய மெதுவாக்கும், ஆனா பாட்டி அத விரிச்சு ஆற வச்சு கட்டுனாங்க, நாம பொலிஸ்திரீன் பெட்டியில ஆவியோட மூடி நூறு பெட்டிய ஒன்னு மேல ஒன்னா அடுக்குறோம், அது வேற கதை. கோழிக் கறி பெரிய அண்டாவுல மூடி வச்சு மெதுவா ஆறுனா இன்னொரு கிருமி, பெர்ஃபிரிஞ்சன்ஸ்னு, ராத்திரி முழுக்க வயித்தக் கலக்கும். வீட்டுல ஒருத்தருக்கு வயித்தால போனா ஒரு நாள் கஷ்டம், 400 பேருக்கு நாலு டாய்லெட் இருக்குற டேவான்ல போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால சமையல பின்னாடியில இருந்து கணக்குப் போடணும். படகு 12 மணிக்கு கெளம்புதா, அந்த ஆள் நேர்ல உறுதி சொன்னாரா, அப்ப 11 மணிக்கு பொட்டலம் கட்டணும், 9 மணிக்கு அடுப்பு. படகு உறுதி ஆகாம அடுப்ப பத்த வைக்காதீங்க, ஆர்வக் கோளாறுல விடியக்காலமே வடிச்ச சோறுதான் எப்பவும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ச் சேரும். கட்டுன நேரத்தயும், இத்தன மணிக்குள்ள சாப்பிடுங்கன்னும் மார்க்கர்ல மூணு மொழியில எழுதுங்க. சமைக்கிறவங்க எல்லாரும் டைஃபாய்டு ஊசி போட்டு, உணவு கையாளும் பயிற்சி முடிச்சிருக்கணும், நம்ம நாட்டு சட்டப்படி இது கடைக்காரனுக்குக் கட்டாயம், ஊசி மூணு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், தர்ம காரியம்னு கிருமி சலுகை குடுக்காது. கையில வெட்டுக் காயம் இருக்குறவங்க, ரெண்டு நாளா வயித்தால போறவங்க யாரா இருந்தாலும், அவர் கோவில் தலைவரே ஆனாலும், மூட்டை தூக்கட்டும், சோத்துல கை வைக்க வேணாம். வெள்ளத் தண்ணி தொட்ட அரிசி, காய், நசுங்குன டின் எதுவும் உள்ள வரக் கூடாது, அந்தத் தண்ணியில எலி மூத்திரம் கலந்திருக்கும், எலிக் காய்ச்சல் அதுலதான் வருது. தண்ணிக்குள்ள எறங்கிட்டு வந்த பையன் குளிச்சு சட்டை மாத்தாம அடுப்புப் பக்கம் வரக் கூடாது.

மூட்டையா சமைச்ச சாப்பாடா, உங்க கேள்வியில இது இருந்துச்சே, அதுக்கு ஒரே பதில் கெடையாது, நாள பொறுத்தது. வீட்டுல அடுப்பு, கரண்ட், தண்ணி இல்லாத வரைக்கும் அரிசி மூட்டை வெறும் பாரம், ஊற வச்சு வேடிக்கை பாக்கத்தான் முடியும். தண்ணி வடிஞ்சு வீட்டக் கழுவ ஆரம்பிச்ச நாள்லயும் சமைச்ச சாப்பாடுதான் வேணும், ஏன்னா சேறு அள்ளிக்கிட்டு இருக்குற பொம்பளைக்கு சமைக்க நேரமும் இல்ல தெம்பும் இல்ல, அந்த நாளத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க, தண்ணி வடிஞ்சதும் தொண்டூழியர் கூட்டமும் வடிஞ்சுடும். அடுப்பு திரும்ப எரிய ஆரம்பிச்சா மூட்டை. உக்ரைன்லயும் இதான் நடந்துச்சு, 2022ல போலந்து எல்லையில மெடிக்காங்கற எடத்துல சூடான சூப்ல ஆரம்பிச்ச ஆன்ட்ரேஸோட அதே நிறுவனம், உள்ளூர் ரெஸ்டாரண்டுகளுக்கு காசு குடுத்து சமைக்க வச்சு, வீட்டுல சமைக்க முடியுறவங்களுக்கு அப்புறமா பொருள் மூட்டையா மாத்திக்கிச்சு. பக்கத்துல கடை தெறந்துட்டா மூட்டைய விட கையில காசு குடுக்குறது மேல், அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரியும், அந்தக் கடைக்காரரும் வெள்ளத்துல அடிபட்டவர்தான். 2021 வெள்ளத்துக்கு அரசாங்கமே குடும்பத்துக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்) வாங் இக்சான்னு உதவித் தொகை குடுத்துச்சு.

இனி நான் உறுதியா பேச முடியாதது. சூடான சாப்பாடு மனசுக்குத் தெம்பு தரும்னு எல்லா செஃப்பும் சொல்லுவாங்க, நானும் நம்புறேன், முகம் மாறுறத கண்ணால பாத்திருக்கேன், ஆனா அத அளந்து காட்டச் சொன்னா என்னால முடியாது, அத மட்டும் வச்சு நன்கொடை கேக்காதீங்க. அப்புறம் இத்தன மில்லியன் சாப்பாடுங்குற கணக்கு. அத கேட்டா எனக்கு எப்பவும் கொஞ்சம் சங்கடம், ஒரே ஆள் ஒரு நாளைக்கு மூணு பொட்டலம் வாங்குனாரா, மூணு பேர் ஒன்னு ஒன்னு வாங்குனாங்களா, அதுல எத்தன குப்பைக்குப் போச்சு, அந்த நம்பர்ல எதுவும் தெரியாது. நீங்க எத்தன சமைச்சோம்னு எழுதாம எத்தன வீடு, மிச்சம் எத்தன திரும்பி வந்துச்சுன்னு எழுதி வைங்க. போர் நடக்குற எடம் வேற ரகம். 2024 ஏப்ரல் 1ல காஸாவுல இஸ்ரேல் தாக்குதல்ல அந்த நிறுவனத்து ஆளுங்க 7 பேர் செத்தாங்க, பேர் எழுதின வண்டியில, முன்னாடியே பயணத்த தெரிவிச்சுட்டுப் போனவங்க. அங்க நிறுத்தி அந்த மாசக் கடைசியிலயே திரும்ப ஆரம்பிச்சாங்க. அது சரியா தப்பான்னு செந்தூல்ல ஒக்காந்துக்கிட்டு தீர்ப்பு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. நம்ம அளவுல நான் எடுத்துக்கிட்டது ஒன்னுதான், நீச்சல் தெரியாத பையன படகுல ஏத்தாதீங்க, பொம்பா, அதாவது தீயணைப்புப் படை, வேணாம்னு சொன்ன தெருவுக்குள்ள சாப்பாட்டோட போகாதீங்க.

கடைசியா காசு. சர்வதேச நிவாரண அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி. ஒரு பொட்டலத்துல 120 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, ஒரு முட்டை, கொஞ்சம் எண்ணெய்ன்னு வச்சா கிட்டத்தட்ட 700 வந்துடும், மூணு வேளைக்கு சரியா போச்சு. 500 பொட்டலத்துக்கு 60 கிலோ அரிசி, 15 கிலோ பருப்பு, முட்டை 17 தட்டு, காய் 40 கிலோ, எண்ணெய் 5 லிட்டர், கட்டுறதுக்கு பத்து பேர் வரிசையா நின்னா ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. ஆள் கூலி இல்லாம, டப்பா கரண்டி கேஸ் எல்லாம் சேத்து ஒரு பொட்டலம் 4ல இருந்து 5 வெள்ளிக்குள்ள முடிக்கலாம், கோழி போட்டா ஏறும். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, மூணு நாள்னா 3,000 பொட்டலம், 12,000ல இருந்து 15,000 வெள்ளி. அவ்வளவையும் முன்கூட்டி சேக்கணும்னு இல்ல, பாதி இருந்தா போதும், மீதிக்கு மொத்தக் கடைக்காரர் கிட்ட ரெண்டு வார கடன் பேசி வைங்க, அவரு உங்க கோவிலுக்கு வர்ற ஆளாதான் இருப்பாரு. 500 பொட்டலம் உங்க கையால முடியலன்னா 150 பண்ணுங்க, பக்கத்து மாமாக் கடைக்கும் சீனர் சைவக் கடைக்கும் காசு குடுத்து மீதிய பண்ணச் சொல்லுங்க. சேத்த காசுல மூணுல ஒரு பங்க தொடாம நாலாவது நாளுக்கு வைங்க, வெள்ளம் வடிஞ்ச வீட்டுக்கு ரெண்டு கண்ணு கேஸ் அடுப்பு, ஹோஸ், ரெகுலேட்டர், ஒரு தோங் (சிலிண்டர்) கேஸ், ஒரு ரைஸ் குக்கர் வாங்கிக் குடுக்க அது தேவைப்படும்.